ஒரே சிம்பொனிக்கு இத்தனை பதிவுகள் எதற்கு? இப்போது கேட்டுக்கொண்டிருப்பவை

ஜூன் 3

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை ஒரு நல்ல பதிவில் கேட்டாயிற்று. ஸ்கோரில், அதாவது இசைக் குறிப்புத் தாளில், எழுதியிருப்பதைத்தானே எல்லாரும் வாசிக்கிறார்கள்? அப்புறம் அதையே இன்னும் பத்துப் பேர் வாசித்துக் கேட்பதில் என்ன இருக்கிறது? வித்தியாசம் தெரிகிறது என்பது மனப்பிரமை."

மனப்பிரமை இல்லை. அதே ஐந்தாவது சிம்பொனியை வைத்தே சொல்கிறேன். முதல் பகுதியில் அந்த நான்கு சுரத் தட்டல் ஓடி முடிந்து, இரண்டாவது மெட்டு தொடங்கும் முன் கணீரென்று ஒரு அழைப்பு வரும். அதை ஊதுவது ஹார்ன்கள், வளைந்த பித்தளைக் கொம்புகள். அதே அழைப்பு பிற்பாதியில் திரும்ப வரும்போது பீத்தோவன் அதைப் பஸூன்களுக்கு, அதாவது தாழ்ந்த குரல் மரக்குழல்களுக்கு, எழுதியிருக்கிறார். அவர் காலத்து ஹார்னுக்குச் சுரம் மாற்றும் வால்வு கிடையாது. ஸ்ருதி மாறிய இடத்தில் அந்தச் சுரங்கள் அதில் சரியாகப் பேசாது. வால்வு வந்தபின், "பீத்தோவனிடம் இந்தக் கருவி இருந்திருந்தால் இதற்கே கொடுத்திருப்பார்" என்று, இசைக்குழுவை நடத்துகிற பல கண்டக்டர்கள் அதை ஹார்னுக்கே மாற்றிவிட்டார்கள். பழைய வகைக் கருவிகளோடு வாசிக்கிற குழுக்கள் மறுபடி பஸூனுக்கே கொண்டுவந்தன. ஆக, "எழுதியதைத்தானே வாசிக்கிறார்கள்" என்பதே எல்லாப் பதிவுக்கும் பொருந்தாது. ஹார்ன் ஊதினால் அது வெற்றி முழக்கம். பஸூன் ஊதினால் குரல் கொஞ்சம் கரகரத்து, பாதி தூரம் ஓடிவந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வது மாதிரி இருக்கும். எனக்குப் பஸூன்தான் பிடிக்கும்.

வேகத்துக்கு வாருங்கள். கார்லோஸ் கிளைபர் 1974-ல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் பதிவு செய்ததில் முதல் பகுதி ஏழரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆட்டோ கிளெம்பரர் 1959-ல் லண்டன் ஃபில்ஹார்மோனியாவுடன் செய்ததில் அதே பகுதிக்குச் சுமார் ஒன்பது நிமிடம். இரண்டு பேருமே முதல் பாதியைத் திரும்ப வாசிக்கிறார்கள், எதையும் வெட்டவில்லை. ஒன்றில் நம்மைத் துரத்துகிறார்கள், மற்றதில் எதிரே ஒரு மலை எழுந்து நிற்கிறது.

தோடியை ஒருவர் பாடிக் கேட்டுவிட்டோம், இனி வேறு யார் பாடியும் கேட்க வேண்டாம் என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா?

ஜூன் 4

அந்தத் தோடி வரியைப் பற்றி இன்னும் யோசித்தேன். கர்நாடக சங்கீதத்தில் பாடகருக்கு ஆலாபனை இருக்கிறது, நிரவல் இருக்கிறது, கல்பனாசுரம் இருக்கிறது. அன்றைக்கு அவருக்குத் தோன்றியது அன்றைக்கு வரும். ஆர்கெஸ்ட்ராவில் அப்படி இடம் கிடையாது. எண்பது பேரில் யாரும் ஒரு சுரத்தைக்கூடச் சொந்தமாகப் போட முடியாது. அதனால் வித்தியாசத்தைத் தேட வேண்டியது வேறு இடங்களில்: எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்கள், யார் குரல் மேலே வருகிறது, வில்லா விரலா, வயலின்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, எந்த ஹால். சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் எண்பது பேரும் சேர்ந்து செய்யும்போது அது சின்னதாகக் கேட்பதில்லை.

ஜூன் 7

வில்லா விரலா என்று எழுதியதும் அதற்கு உதாரணம் கேட்டிருந்தார்கள். கைவசம் ஒன்று இருக்கிறது. இந்த வாரம் முழுக்க அதில்தான் இருக்கிறேன்.

பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி, இரண்டாம் பகுதி. 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாவில், போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்டிய கச்சேரியில் முதல்முறை வாசித்தபோதே சபை இந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியது. ஒரு நீளம், இரண்டு குறில், இரண்டு நீளம் என்று ஒரே தாளக்கட்டு கடைசிவரை விடாமல் நடக்கும். முதலில் கீழ்த் தந்திகளில் வெறும் தாளமாக வரும். அப்புறம் வயலினைவிடத் தாழ்ந்த குரல் கொண்ட வயோலாவும் செல்லோவும் அதன்மேல் ஒரு பாட்டை விரிக்கும்.

கடைசிப் பக்கத்தில் அந்தத் தாளக்கட்டு உதிர ஆரம்பிக்கும். ஒரு துண்டு காற்றுக் கருவியில், ஒரு துண்டு வயலினில். தந்திகள் அங்கே விரலால் மீட்டுகின்றன. முடிகிற இடத்தில் மட்டும் வயலின்கள் மறுபடி வில்லை எடுக்க வேண்டும் என்று அச்சான ஸ்கோர் சொல்கிறது. பெரும்பாலான பதிவுகளில் அப்படித்தான். வில் உரசி, ஒரு சிறு பெருமூச்சாக முடியும். கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் 1975-76-ல் செய்த பதிவில் வில் வரவே இல்லை. கடைசிவரை விரல்தான். டக், டக் என்று காய்ந்த சத்தம், அதற்குமேல் காற்றுக் கருவிகளின் அந்த முதல் ஸ்வரக்கூட்டு, முடிந்தது. இவர் அப்பா எரிக் கிளைபரும் பெரிய கண்டக்டர், அப்படியே செய்தவர். கிளெம்பரரும் அப்படித்தான். அந்த வில் குறி பீத்தோவன் கருத்துதானா என்ற சந்தேகம் இவர்களுக்கு இருந்திருக்கிறது.

முதலில் எனக்கு இது முரட்டுத்தனமாகப் பட்டது. பெருமூச்சைப் பிடுங்கிக்கொண்டாரே என்று இருந்தது. இப்போது வில்லோடு முடியும் பதிவுகளைக் கேட்டால் அந்தப் பெருமூச்சு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. அவ்வளவு நேரம் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்து நடந்த ஊர்வலம், கடைசி அடியில் மட்டும் ஏன் அழ வேண்டும்? இன்றைய தேதிக்குக் கிளைபர் பக்கம்தான் நிற்கிறேன்.

ஐந்தாவதும் ஏழாவதும் ஒரே குறுந்தகட்டில் கிடைக்கின்றன. அந்த மனிதர் வாழ்நாளில் ஸ்டூடியோப் பதிவு செய்ததே கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். செய்ததில் சோடை கிடையாது.

ஜூன் 8

செயலியில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் தனித்தனி அல்ல. மூன்றாவதன் கடைசியில் எல்லாம் அடங்கி, டிம்பனி என்கிற பெரிய முரசு மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்க, அதன்மேல் வயலின்கள் படிப்படியாக ஏறி, வெடித்து நான்காவது திறக்கும். செயலி இரண்டுக்கும் நடுவே அரை நொடி இடைவெளி விட்டால் எல்லாம் போச்சு. அமைப்புகளுக்குள் போய் இடைவெளியில்லாமல் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடியும் முன்பே அடுத்ததைக் கலந்துவிடும் 'கிராஸ்ஃபேட்' இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். சத்த அளவைத் தானாகச் சமன்படுத்தும் வசதியும் சிம்பொனிக்கு எதிரிதான்.

ஜூன் 12

இன்று சாய்கோவ்ஸ்கி ஆறாவது. யெவ்கெனி ம்ராவின்ஸ்கி, லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக், 1960. சாய்கோவ்ஸ்கியே இதை 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் நடத்திவிட்டு ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அதனாலேயே இதைச் சாவுப் பாட்டாக உருகி உருகி வாசிக்கிற வழக்கம் உண்டு. ம்ராவின்ஸ்கி உருகமாட்டார். முதல் பகுதியில் எல்லாம் அடங்கி, கேட்கிறதா இல்லையா என்று கிளாரினெட் தேய்ந்து போனபின், திடீரென்று முழு ஆர்கெஸ்ட்ராவும் அறையும் பாருங்கள், அந்த அறைக்குப் பின் வயலின்கள் பாய்கிற வேகத்தை வேறு எந்தக் குழுவிலும் நான் கேட்டதில்லை. அத்தனை பேரும் ஒரே கத்தியாக இறங்குகிறார்கள். உருகுவதைவிட இந்தக் கண்டிப்புதான் அதிகம் வலிக்கிறது.

ஆனால் எழுத நினைத்தது கடைசிப் பகுதியைப் பற்றி. தொடக்கத்தில் படிப்படியாகக் கீழே இறங்குகிற ஒரு மெட்டு, கேட்டவர் யாரும் மறக்க முடியாது. ஸ்கோரை எடுத்துப் பார்த்தால் அந்த மெட்டு எந்த வரியிலும் இல்லை! முதல் வயலின்களுக்கு ஒரு சுரம், இரண்டாம் வயலின்களுக்கு அடுத்த சுரம், மறுபடி முதல் வயலின் என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். தனியாக வாசித்தால் இரண்டு பிரிவுமே எங்கெங்கோ தாவுகிற அர்த்தமில்லாத வரிகள். சேர்ந்தால்தான் அழுகை. அதே மெட்டு பின்னால் திரும்பும்போது முதல் வயலின்களுக்கே முழுசாக எழுதிவிடுகிறார். ஆகத் தொடக்கத்தில் பிரித்தது வேண்டுமென்றே செய்தது.

இரண்டு வயலின் பிரிவையும் இடது பக்கமே பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் இந்த வேலைப்பாடு காதுக்குத் தெரியாது. லெனின்கிராட் குழு முதல் வயலினை இடதிலும் இரண்டாம் வயலினை வலதிலும் வைக்கும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். மெட்டு ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நடுங்கிக்கொண்டே போய் வரும்.

எங்கள் அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார். சின்ன வயதில் வயலின் கற்றவர், இன்னும் டிசம்பர் கச்சேரி ஒன்றும் விடமாட்டார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டவர், "ஏன்டா, ஒரு சுரம் இந்தக் காதுல, ஒரு சுரம் அந்தக் காதுல வருதே, வயர் லூசா?" என்றார். "இல்ல அத்தை, அப்படித்தான் எழுதியிருக்கு" என்றதும் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். கேட்டு முடித்து, "அதான் யார் கையிலயும் நிக்காம போறது" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தரம் கேட்டார்.

இன்னொன்று: மூன்றாம் பகுதி பெரிய அணிவகுப்பு மாதிரி ஆர்ப்பாட்டமாக முடியும். அதோடு முடிந்தது என்று உலகம் முழுக்கச் சபைகள் கைதட்டிவிடுகின்றன. அதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. சாய்கோவ்ஸ்கி அப்படித்தானே முடித்திருக்கிறார்.

ஜூன் 13

மேலே சொன்ன பதிவு லெனின்கிராட்டில் செய்ததா என்று கேட்டதற்கு: இல்லை. 1960-ல் குழு மேற்கு ஐரோப்பாவுக்குப் பயணம் வந்தபோது ஜெர்மன் பதிவு நிறுவனமான டாய்ச்ச கிராமஃபோன் அவர்களைப் பிடித்துக்கொண்டது. சாய்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனி லண்டனில், ஐந்தாவதும் ஆறாவதும் வியன்னா மூசிக்ஃபெராய்ன் ஹாலில். குழு சோவியத், ஹாலும் மைக்கும் மேற்கத்தியவை. அந்தச் சேர்க்கைதான் இந்தப் பதிவின் அதிர்ஷ்டம். அதே ஆட்களை மாஸ்கோவிலும் லெனின்கிராட்டிலும் பதிவு செய்த நாடாக்களில் ஆவேசம் இதைவிட ஒரு படி மேலே இருப்பதும் உண்டு, ஒலி மட்டும் பல படி கீழே.

ஜூன் 18

ஹால் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் பதிவு பற்றிப் பேசுகிறவர்கள் கண்டக்டர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். நாம் கேட்பதில் பாதி அந்த அறைதான்.

வியன்னாவில் சோஃபியென்சால் என்று ஒரு கட்டடம். 19-ஆம் நூற்றாண்டில் முதலில் நீராவிக் குளியல் இடமாகவும் பிறகு நீச்சல் குளமாகவும் இருந்தது. குளத்துக்கு மேல் மரத்தளம் போட்டு நடன மண்டபம் ஆக்கினார்கள். தளத்துக்குக் கீழே அந்தப் பெரிய வெற்றுக்குழி அப்படியே இருந்தது. 1950-களிலிருந்து டெக்கா நிறுவனம் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை இங்கேதான் பதிவு செய்தது. ஜார்ஜ் ஷோல்ட்டி வாக்னரின் நான்கு ஓபராத் தொடரான 'ரிங்' முழுவதையும் 1958 தொடங்கி 1965 வரை பதிவு செய்ததும் இங்கேதான். டபுள் பாஸ் உறுமினால் தரை சேர்ந்து உறுமும். 2001 ஆகஸ்ட்டில் தீப்பிடித்துக் கூரை உட்பட எரிந்துபோனது. பின்னாளில் புதுப்பித்தார்கள், ஆனால் அந்தப் பதிவுக்கூடம் இனி இல்லை.

அங்கே செய்தவற்றில் என் பிரியம் சுபின் மேத்தா 1975-ல் பதிவு செய்த மாலர் இரண்டாவது சிம்பொனி. பம்பாயில் பிறந்தவர், அப்பா மெஹ்லி மேத்தா அங்கே சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா தொடங்கியவர், பிள்ளை வியன்னாவுக்கே போய் ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கியிடம் படித்தார். தொடக்கத்தில் செல்லோவும் பாஸும் தரையைக் கீறிக்கொண்டு எழுகிற அந்த இடத்தை இந்தப் பதிவில் நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். கிறிஸ்டா லுட்விக் பாடுகிற நான்காம் பகுதி வரும்போது அதே அறை எப்படிச் சுருங்கி அவர் குரலைச் சுற்றிப் போர்த்துகிறது என்பதையும் கவனியுங்கள். மேத்தாவின் பிற்காலப் பதிவுகளில் இந்தக் கூர்மை எனக்குக் கிடைக்கவில்லை. 1960-70-களின் மேத்தா தனி ஆள்.

லண்டனில் கிங்ஸ்வே ஹால். மெதடிஸ்ட் திருச்சபை கட்டியது. தரை சாய்வு, வெளியே போக்குவரத்து, அடியில் பாதாள ரயில். ஆனாலும் ஒலி அப்படி இருந்ததால் பதிவு நிறுவனங்கள் அங்கே வரிசையில் நின்றன. 1984-ல் மூடினார்கள், பிறகு இடித்தும் விட்டார்கள். அங்கே பதிவான பல சிம்பொனிகளில் மெதுவான இடங்களில் கவனித்தால் அடியில் ரயில் போகும் உறுமல் கேட்கும். முதன்முதலில் ஹெட்ஃபோனில் அதைப் பிடித்தபோது டிரம் என்று நினைத்துக் கருவிப் பட்டியலில் தேடியவர்கள் உண்டு. எனக்கு அந்த ரயில் பிடிக்கும். எந்த மென்பொருளாலும் அதைத் துடைத்துவிட வேண்டாம் என்று அந்த நிறுவனங்களைக் கேட்டுக்கொள்வேன்.

ஜூன் 19

2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தில் வரும் ஸ்ட்ராஸின் 'ஸரதுஸ்ட்ரா' தொடக்கம் ஃபிரிட்ஸ் ரைனருடையது என்று ஒருவர் எழுதியிருந்தார். படத்தில் ஒலிப்பது ஹெர்பர்ட் ஃபான் காராயன் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் 1959-ல் டெக்காவுக்குச் செய்தது. ரைனருடையது அதற்கும் முந்தியது: சிகாகோ, 1954 மார்ச். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958-ல். அதற்கு நான்கு வருடம் முன்பே ஆர்.சி.ஏ. பதிவு நிறுவனத்து ஆட்கள் சிகாகோ ஆர்கெஸ்ட்ரா ஹாலில் இரண்டு தடமாகப் பதிவு செய்து நாடாவைப் பத்திரப்படுத்திவிட்டார்கள். மைக் எண்ணிக்கையும் மிகக் குறைவு. எழுபது வருடம் ஆகியும் அந்த ட்ரம்பெட்டுகள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. அந்த ஹாலையும் 1966-ல் புதுப்பித்தபோது ஒலியைக் கெடுத்துவிட்டார்கள் என்பது பழைய ரசிகர்களின் தீராத வருத்தம்.

ஜூன் 25

மாலர் ஒன்பதாவது. புரூனோ வால்ட்டர், வியன்னா ஃபில்ஹார்மோனிக், 1938 ஜனவரி 16, மூசிக்ஃபெராய்ன்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்திருந்தேன். மாலர் இந்தச் சிம்பொனியைக் காதால் கேட்காமலே 1911-ல் இறந்துபோனார். அடுத்த வருடம் இதை முதல்முறை நடத்தியவர் அவருடைய சீடர் வால்ட்டர், வியன்னாவில், இதே குழுவோடு. 1938-ல் மறுபடி நடத்தியபோது பதிவு நிறுவனம் மைக்குகளோடு வந்து கச்சேரியை அப்படியே பிடித்தது. இருபது பக்கங்கள், பத்து இசைத்தட்டுகள். முதல் வயலின் இருக்கையில் ஆர்னால்ட் ரோஸே. மாலரின் தங்கையை மணந்தவர், 1881 முதல் அந்த இருக்கையில் இருந்தவர்.

அந்தக் கச்சேரி முடிந்து எட்டு வாரத்தில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்தது. வால்ட்டர் திரும்பி வர முடியவில்லை. ரோஸே வேலையை இழந்து லண்டனுக்குத் தப்பி 1946-ல் அங்கேயே இறந்தார். அவர் மகள் ஆல்மா ரோஸே ஆஷ்விட்ஸ் முகாமில் பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தி, 1944-ல் அங்கேயே இறந்தார். அன்று மேடையில் இருந்த குழுவின் யூத உறுப்பினர்கள் எல்லாரும் விரட்டப்பட்டார்கள். சிலர் முகாம்களில் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கதை தெரிந்தபின் கேட்பதால்தான் அது அப்படி ஒலிக்கிறது என்று சொல்லலாம். நானும் அந்தக் கேள்வியோடுதான் கேட்டேன். ஆனால் கதையை ஒதுக்கிவைத்துவிட்டுக் காதை மட்டும் வைத்துக்கொண்டாலும் இதில் வேறு எங்கும் இல்லாத ஒன்று இருக்கிறது. கடைசிப் பகுதியான அடாஜியோ, மெதுவாக நடக்கிற பகுதி. வால்ட்டர் இதை 18 நிமிடத்தைச் சற்றே தாண்டி முடித்துவிடுகிறார். லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1985-ல் ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபா ஆர்கெஸ்ட்ராவுடன் செய்ததில் அதே பகுதி கிட்டத்தட்ட 30 நிமிடம். ஒரே சுரங்கள்! வால்ட்டரில் வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகின்றன, நம் ஊர்ப் பாடகர் ஜாருவில் போவது போல. அந்தத் தலைமுறை வாசித்த பாணி அது. இன்றைய குழுக்கள் அதைத் துடைத்துவிட்டுச் சுத்தமாக வாசிக்கின்றன. சபையில் இருமல் கேட்கிறது, ஆங்காங்கே வாத்தியங்கள் பிசகுகின்றன. ஒருவரும் சோகத்தைக் காட்ட முயலவில்லை. வாசித்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான்.

கடைசிப் பக்கத்தைக் கேட்பதில் நம் ஊரில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. தந்திகள் மட்டும், அதுவும் சத்தத்தை அடக்கும் 'மியூட்' மாட்டிய தந்திகள், ஒன்று இரண்டு சுரமாக, நடுவில் நீண்ட மௌனத்தோடு. ஃபேன் ஓடினால் ஒன்றும் கேட்காது. ஜூன் மாத இரவில் ஃபேனை நிறுத்தி, தெருப்பக்கம் ஜன்னலைச் சாத்தி, வியர்வை முதுகில் வழிய உட்கார்ந்தேன். பழைய இசைத்தட்டின் கரகரப்பு ஃபேன் இரைச்சலைவிட ஏமாற்றும். அதற்குள்ளே வயோலா ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பது முதலில் தெரியாது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் கூடும். காது பழகி அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டபின் கரகரப்பு தானாகப் பின்னால் போய்விட்டது.

ஜூன் 27

வால்ட்டரை மட்டும் தூக்கிவைத்து பெர்ன்ஸ்டைனை இறக்கிவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அந்த எண்ணம் இல்லை. நேற்று ராத்திரி ஆம்ஸ்டர்டாம் பதிவை முழுக்கக் கேட்டேன். 30 நிமிடம் என்பது தாங்காது என்றுதான் எப்போதும் தோன்றும், நடுவில் வருகிற பெரிய எழுச்சி வரை. அங்கே வந்ததும் இவ்வளவு மெதுவாக நடந்து வந்ததற்குக் காரணம் புரிகிறது. வேகமாக வந்திருந்தால் அந்த எழுச்சிக்கு இத்தனை பாரம் சேர்ந்திருக்காது. ஆனாலும் இதை அடிக்கடி கேட்க என்னால் முடியாது. வால்ட்டரை முடியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டுமென்றால் ஜான் பார்பிரோலி, பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1964 ஜனவரி. முந்தைய வருடம் அவர் வந்து இதை நடத்தியதைக் கேட்ட வாத்தியக்காரர்களே பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டு வரவழைத்தார்கள். பெர்லின் டாலெம் பகுதியில் உள்ள இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் செய்தது. நன்றாகப் பதிவான ஒன்றே ஒன்று வாங்க வேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன்.

ஜூலை 2

சிபேலியஸ் ஐந்தாவது. கடைசி ஆறு அடிகள்.

இந்தச் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஹார்ன்கள் ஊசலாடுகிற ஒரு மெட்டு உண்டு. 1915 ஏப்ரலில் பதினாறு அன்னங்கள் தலைக்குமேல் பறந்து போனதைப் பார்த்துவிட்டு அதன் பரவசத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்தார் சிபேலியஸ். அந்த மெட்டு அதோடு பிணைந்தது. அது வளர்ந்து வளர்ந்து உச்சிக்குப் போய், பட்டென்று நின்றுவிடும். ஒரு அடி. மௌனம். ஒரு அடி. மௌனம். ஆறு அடி, முடிந்தது. முடிந்தது என்று நினைத்து நடுவிலேயே கைதட்டிய சபைகள் உண்டு.

அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் வைப்பது? காராயன் 1965-ல் பெர்லினில் செய்ததில், 'ஜூன் 27' குறிப்பில் சொன்ன அதே தேவாலயத்தின் எதிரொலி அந்த இடைவெளியை நிரப்புகிறது. மௌனம் காலியாக இல்லை. வறண்ட ஹாலில் செய்த பதிவுகளில் ஒவ்வொரு இடைவெளியும் பள்ளம். எனக்குப் பள்ளம்தான் பிடிக்கும், அடுத்த அடி வருமா என்று தெரியாமல் நிற்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் சிபேலியஸ் 1915-ல் முதலில் எழுதியபோது அந்த மௌனங்களே கிடையாது. அடிகளுக்கு நடுவே தந்திகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். 1919 வரை திருத்தித் திருத்தி அதை எடுத்துவிட்டார். ஓஸ்மோ வான்ஸ்கா பின்லாந்தின் லாத்தி ஆர்கெஸ்ட்ராவுடன் அந்த முதல் வடிவத்தைப் பதிவு செய்திருக்கிறார், 1995-ல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் வடிவம் நல்ல சிம்பொனி. இரண்டாவதுதான் அந்த மனிதரின் சிம்பொனி.

ஜூலை 3

'1812' பதிவுகளில் வெடிப்பது நிஜப் பீரங்கியா என்று கேட்ட நண்பருக்கு: ஆமாம், நிஜப் பீரங்கிதான். சாய்கோவ்ஸ்கியின் '1812' ஓவர்ச்சரை அந்தல் டொராட்டி மினியாபோலிஸ் குழுவோடு மெர்குரி நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் பழைய பீரங்கியைத் தனியாக வெடித்துப் பதிவு செய்து சேர்த்தார்கள். 1970-களின் கடைசியில் டெலார்க் நிறுவனம் சின்சினாட்டி குழுவை வைத்து டிஜிட்டலில் செய்தது. அந்த இசைத்தட்டோடு ஸ்பீக்கருக்கு ஆபத்து என்று எச்சரிக்கையே அச்சடித்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறதா என்று விசாரித்துவிட்டுப் போடவும்.

ஜூலை 9

எதிலிருந்து தொடங்குவது என்று முதல் கேள்வி கேட்டவரே மறுபடி எழுதியிருக்கிறார், சந்தோஷம். முழுச் சிம்பொனி வேண்டாம். பீத்தோவன் ஏழாவதின் இரண்டாம் பகுதி மட்டும், கிளைபர் ஒருமுறை, பழைய வகைக் கருவிகளோடு ஜான் எலியட் கார்டினர் ஒருமுறை. ஒரே நாளில், ஒரே சாதனத்தில். ஒன்றரை நிமிடத்துக்குள் வயோலா-செல்லோ பாட்டு வரும் இடத்தில் வித்தியாசம் கேட்டுவிடும்.

நான் இப்போது ஷோஸ்டகோவிச் ஐந்தாவதுக்கு வந்திருக்கிறேன். 1937 நவம்பரில் லெனின்கிராட்டில் இதை முதலில் நடத்தியவர் ம்ராவின்ஸ்கி, அப்போது 34 வயது. இதன் கடைசிப் பக்கத்தின் வேகக்குறி ஒரு பதிப்பில் ஒரு மாதிரியும் இன்னொரு பதிப்பில் அதில் பாதியாகவும் அச்சாகியிருக்கிறது. பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் 1959-ல் செய்ததில் அது தலைதெறிக்க ஓடுகிற கொண்டாட்டம். ரஸ்த்ரபோவிச் நடத்தும்போது ஒரே சுரத்தை வயலின்கள் ஆணி அடிப்பதுபோல் அடித்துக்கொண்டே இருக்க, கொண்டாடச் சொல்லிக் கழுத்தில் கை வைத்திருப்பது தெரிகிறது. ஸ்டாலின் காலத்தில் எழுதப்பட்ட அந்தப் பக்கம் எந்த வேகத்தில் உண்மை பேசுகிறது என்பதில் என் மனம் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. நேற்றுவரை மெதுவானதுதான் என்று இருந்தேன். இன்று பெர்ன்ஸ்டைனைக் கேட்டபின், அவ்வளவு வேகத்திலும் டிம்பனி அடிக்கிற அடியில் அதே மிரட்டல் இருக்கிறது என்று படுகிறது. ம்ராவின்ஸ்கியின் பதிவுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.